சாணத்திலிருந்தும் கோழி எருவிலிருந்தும் சுத்தமான உயிர்க்கரி எடுப்பது எப்படி?

பள்ளத்தூர் தோட்டக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூருக்கு அருகே சரளை கலந்த செம்மண் நிலத்தில் கத்தரி, மிளகாய், நிலக்கடலை ஆகியவற்றைப் பயிரிட்டு வருகிறோம். தொழுவத்தில் மாடுகளும், பட்டியில் வெள்ளாடுகளும், கொட்டகையில் முட்டைக்கோழிகளும் இருப்பதால் எருவுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எங்கள் மண்ணில் எத்தனை வண்டி தொழு உரம் கொட்டினாலும், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறப்பதற்குள் அது இருந்த சுவடே தெரிவதில்லை. எருவை உயிர்க்கரியாக்கி, அதாவது காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்கி, இட்டால் அது மண்ணில் நெடுங்காலம் தங்கும் என்று படித்து, பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றில் வறட்டிகளையும் கோழி எருவையும் கலந்து நிரப்பி, மேலிருந்து தீ மூட்டிப் பார்த்தோம்.

கிடைத்தது கருமையான கரி அன்று. சாம்பல் நிறத்தில், கைபட்டால் மாவாக உதிரும் ஒரு பொருள். சில துண்டுகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக, வேகாத சாணமாகவே இருக்கிறது. தார் நாற்றம் நாள்பட்டும் போகவில்லை. அதை இட்ட தொட்டியில் கீரை விதை சரியாக முளைக்கவுமில்லை. எருவிலிருந்து நல்ல கரி எடுக்க முடியுமா, அல்லது அது விறகுக்கு மட்டுமே உரிய வேலையா? வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும்? கோழி எருவைச் சேர்க்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

காரைக்குடி வேதியியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

முடியும், தம்பி. ஆனால் எருக்கரியின் தரத்தில் பெரும்பகுதி தீ மூட்டுவதற்கு முன்பே, தொழுவத்தின் தரையிலும் உலர்த்தும் களத்திலும் முடிவாகிவிடுகிறது. பீப்பாயைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வைக்கோல் தின்னும் மாட்டின் சாணத்தில், அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கக்கூடிய கனிமப் பொருள்தான். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம். அதே சாணத்தை மண் தரையிலிருந்து மண்வெட்டியால் வழித்தெடுத்தால், ஒட்டிவரும் மணலும் சரளையும் சேர்ந்து அந்தப் பங்கு 40 விழுக்காட்டையும் தாண்டிவிடும். கரியாகும்போது எரிபொருட்பகுதி சுருங்குகிறது, கனிமம் சுருங்குவதில்லை. கணக்கிட்டுப் பாருங்கள். உலர்ந்த சாணம் 100 கிலோவில் 20 கிலோ கனிமம், 80 கிலோ கரிமப் பொருள் என்று கொள்வோம். 500 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் கரிமப் பொருளில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சுவதாகக் கொண்டால் அது 27 கிலோ. கனிமத்தையும் சேர்த்து 47 கிலோ கரி. இதில் சாம்பல் 43 விழுக்காடு. மண் கலந்த சாணத்தில் 45 கிலோ கனிமமும் 55 கிலோ கரிமப் பொருளும் இருந்தால், எஞ்சுவது 18 கிலோவும் 45 கிலோவும் சேர்ந்த 63 கிலோ. இதில் சாம்பல் 71 விழுக்காடு. இரண்டாவது முறையில் கரி கூடுதலாகக் கிடைத்ததாக மகிழ்வோரை நான் பார்த்திருக்கிறேன். கூடியது அவர்கள் தொழுவத்து மணல்.

பன்னாட்டு உயிர்க்கரி அமைப்பு வகுத்த அளவுகோலில் கரிமக் கார்பன் 60 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது முதல் வகுப்பு, 30 முதல் 60 வரை இரண்டாவது, 10 முதல் 30 வரை மூன்றாவது. மேலே சொன்ன கணக்கில் சுத்தமான சாணத்தின் கரி இரண்டாம் வகுப்பில் அமரும். மண் கலந்தது மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடும். எருவை மட்டும் கொண்டு முதல் வகுப்பை எட்டுவது மிகக் கடினம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆகவே தொழுவத்துக்குக் கல் பாவுங்கள், அல்லது சிமெண்டுத் தளம் போடுங்கள். உலர்த்துவதையும் தளத்தின் மேலேயே செய்யுங்கள். மண் களத்தில் தட்டிய வறட்டியின் அடிப்பக்கத்தில் எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்பதை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாலே காணலாம்.

அடுத்தது ஈரம். புதிய சாணத்தில் 80 விழுக்காடு நீர். 100 கிலோ சாணத்தின் 80 கிலோ நீரை ஆவியாக்கி வெளியேற்ற, இழப்புகளையும் சேர்த்தால் 200 மெகாஜூலுக்குக் குறையாமல் செலவாகும். எஞ்சும் 20 கிலோ திடப்பொருள் முழுவதையும் எரித்துச் சாம்பலாக்கினாலும் 280 மெகாஜூல் அளவே கிடைக்கும். ஈரச் சாணத்தைக் கரியாக்க முனைவது அந்த நீரைக் கொதிக்கவைப்பதற்காகவே அதன் எரிபொருளைச் செலவிடுவதாகும். நம் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலுக்குக் காசில்லை. ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை, ஒடித்தால் வளையாமல் முறியும்வரை, காயவிடுங்கள். தடித்த வறட்டியின் நடுவில் ஈரம் தங்கும். உங்கள் துண்டுகளின் உட்புறம் பழுப்பாக இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். விரல் தடிமனுக்கு மேல் தட்டாதீர்கள்.

வெப்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 350 பாகையில் எடுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஓரளவு எஞ்சும்; ஆனால் கரி முழுமையாக முதிராது, மண்ணில் நெடுங்காலம் நிலைக்காது. 600 பாகையைத் தாண்டினால் கரி உறுதியாகும். தழைச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) எளிதில் கரையாத சுண்ணாம்புச் சேர்மங்களாக மாறிவிடும். எருவுக்கு 450 முதல் 550 வரை பொருத்தமான இடைநிலை என்பது என் கருத்து. தீயின் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். கே வகைத் தெர்மோகப்பிள் (மிகுந்த வெப்பத்தை அளக்கும் கம்பி) ஒன்றை வாங்கிச் செருகிப் பாருங்கள், விலை அதிகமில்லை. எப்படியாயினும் தழைச்சத்துக்காக எவரும் எருவைக் கரியாக்கக் கூடாது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தாம் கரியில் தங்குபவை. எடை பாதியாகக் குறைவதால் அவை செறிவும் அடைகின்றன.

---

காளையார்கோவில் மூட்டக்காரர் எழுதியது:

ஐயா அவர்களின் கணக்கு எனக்கும் பயனுள்ளதாக இருந்தது. நாங்கள் தலைமுறையாகச் சீமைக்கருவையில் கரிமூட்டம் போடுகிறவர்கள் என்பதால், புகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பள்ளத்தூர் அண்ணே, நீங்கள் செய்த முறையில் எருவின் புகை எருவுக்குள்ளேயே சுற்றி, குளிர்ந்த துண்டுகளின் மேல் தாராகப் படிந்திருக்கும். மூட்டத்திலும் இது நேர்வதுதான். ஆனால் அடுப்புக் கரிக்கு அது பெரிய குறையன்று, எரியும்போது போய்விடும். வயலில் இடும் கரிக்கு அது பெருங்குறை. அந்தத் தாரில் விதையை முளைக்கவிடாத பொருள்களும், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டுத் தடுக்கும் நச்சுகளும் இருக்கும். புகை முழுவதும் வெளியேறி எரிந்துபோனால்தான் கரி சுத்தமாகும்.

விறகுக்குத் திறந்த கூம்பு அடுப்பு நன்றாக வேலை செய்கிறது. மேலே எரியும் சுவாலை காற்றைத் தடுத்துக்கொண்டு, கீழிருந்து வரும் புகையையும் எரித்துவிடும். ஆனால் சாணமும் புழுக்கையும் நெருக்கமாகப் படிந்து தீயை மூச்சுத் திணறச் செய்கின்றன. ஆகவே எருவுக்குப் பீப்பாய்க்குள் பீப்பாய் என்ற முறைதான் உகந்தது. 200 லிட்டர் பீப்பாயின் உள்ளே அடங்கும்படி ஒரு சிறிய பீப்பாய். அதில் உலர்ந்த எருத்துண்டுகளை நிரப்பி மூடியை இறுக்குங்கள். அடிப்புறத்தில் மட்டும் சில துளைகள் இருக்கட்டும். வெளிப்பீப்பாய்க்கும் அதற்கும் இடையில் கருவைச் சுள்ளிகளையும் தேங்காய் மட்டைகளையும் போட்டு எரியுங்கள். உள்ளே சூடேறியதும் முதலில் வெள்ளை நீராவி வரும். பிறகு எரியும் வாயு துளைகளின் வழியே கீழே இறங்கி, அந்தத் தீயிலேயே பற்றிக்கொள்ளும். அதன் பின் அடுப்பு பெரும்பாலும் தன் வாயுவிலேயே எரியும், விறகு குறைவாகவே தேவைப்படும். மேலே தகடு சுருட்டிய ஒரு புகைபோக்கி வைத்தால் இழுப்பு நன்றாக இருக்கும். துளைகளில் சுவாலை தானாக ஓய்ந்து, அதன் பிறகும் சிறிது நேரம் சூடு நின்றால் வேலை முடிந்தது.

எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். உட்பீப்பாயை எக்காரணம் கொண்டும் காற்றுப்புகாதபடி முற்றிலும் அடைத்துவிடாதீர்கள். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும். சூட்டோடு திறந்தால் கரி மறுபடி பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். மறுநாள் காலையில் திறப்பதே நல்லது. துத்தநாகம் பூசிய தகரமும், பூச்சிமருந்து இருந்த பீப்பாயும் வேண்டவே வேண்டாம். கொட்டகைக்குள் எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கரியைக் கொட்டும்போது நீர் தெளியுங்கள். மூட்டத்தை அணைக்க நாங்கள் மண்ணைப் போட்டு மூடுவது போல இதைச் செய்தால், ஐயா சொன்ன மணல் கணக்குப் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

கரி முற்றியதா என்று பார்க்க ஒரு சிறு சோதனை உண்டு. விரலில் தேய்த்துவிட்டு வெறும் நீரில் கழுவுங்கள். கருமை நீரோடு போனால் நல்ல கரி. பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் இருக்கிறது.

இன்னொன்று. எருவைத் தனியாக ஏன் எரிக்க வேண்டும்? நம் கண்மாய்க்கரை எங்கும் சீமைக்கருவை நிற்கிறது. அதன் சுள்ளிகளைச் சிறிதாக வெட்டி எருவோடு பாதிக்குப் பாதி கலந்து உட்பீப்பாயில் நிரப்பினால், வாயு செல்ல இடைவெளி கிடைக்கும், வேக்காடும் சீராக இருக்கும். மரத்தில் சாம்பல் மிகக் குறைவு என்பதால் கரியின் கார்பன் அளவும் தானாக உயரும்.

---

தேவகோட்டை தோப்பு வீடு எழுதியது:

நீங்கள் இருவரும் எப்படி எரிப்பது என்று சொல்லிவிட்டீர்கள். எதை எரிக்கக் கூடாது என்று நான் சொல்கிறேன். ஆட்டுப் புழுக்கையைக் கரியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் நிலத்தில் அறுவடைக்குப் பின் ஆடு மேய்க்கும் கீதாரிகளை அழைத்துக் கிடை போடுகிறோம். இரவெல்லாம் ஆடுகள் அடைந்திருக்கும் இடத்தில் புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்குகிறது. அள்ளுகூலி இல்லை, வண்டிக்கூலி இல்லை. அந்தத் தழைச்சத்தைத் தீயில் போட்டுப் புகையாக அனுப்பிவிட்டுப் பிறகு கடையில் யூரியா வாங்குவது என்ன கணக்கு? தொழுவத்துச் சாணத்தையும் முதலில் சாண எரிவாயுக் கலனில் விட்டால் ஒரு கிலோவுக்கு 35 முதல் 40 லிட்டர் வரை வாயு கிடைக்கிறது. அடுப்பும் எரியும், கழிவுச் சாந்தும் உரமாகும். அப்படியே மண்ணில் இடமுடியாத எருவுக்குத்தான் கரியாக்கும் வேலை என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கோடையில் மாடுகளும் ஆடுகளும் சீமைக்கருவை நெற்றைத் தின்கின்றன; விதை செரிக்காமல் சாணத்தோடு வந்து, உரமிட்ட வயலெங்கும் முள்ளாக முளைக்கிறது. குப்பைக்குழி நன்றாகச் சூடேறினால் அந்த விதை சாகும். எல்லாக் குழியும் அப்படிச் சூடேறுவதில்லை. நெற்றுக் காலத்து எருவைக் கரியாக்குவதில் நியாயம் இருக்கிறது.

---

காரைக்குடி வேதியியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

ஆச்சி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். புழுக்கையைப் பற்றி மறுப்பே இல்லை. சாணத்தில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். சரளை நிலத்தில் தொழு உரத்தின் கரிமம் ஓரிரு பருவத்தில் சிதைந்து காற்றோடு போய்விடுகிறது. கேள்வி கேட்டவரின் குறையே அதுதான். சாணத்தில் ஒரு பகுதியைக் கரியாக்கி, மறு பகுதியை உரமாகவே இட்டு இரண்டையும் சேர்ப்பதே அவருக்கு ஏற்றது. எரிவாயுக் கலனிலிருந்து வரும் சாந்தை உலர்த்தியும் கரி எடுக்கலாம். ஆனால் எளிதில் சிதையும் பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிட்டதால் அதில் சாம்பலின் பங்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

கோழி எருவைத் தனியே பேச வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு மிகுதியாகக் கலக்கிறார்கள். ஆகவே அதன் கரி சாம்பல் நிறைந்தும் மிகுந்த காரத்தன்மையோடும் இருக்கும். உங்கள் பீப்பாயில் வெளுத்த சாம்பல் நிறம் வந்ததற்குக் காற்று மிகுதியாகப் புகுந்ததும் இந்தச் சுண்ணாம்பும் சேர்ந்தே காரணமாகலாம். இரண்டாவது உப்பு. சாம்பல்சத்தும் குளோரினும் நீரில் கரையும் உப்புகளாக நிற்பதால் கீரை விதை முளைக்காமல் போயிருக்கலாம். தாரா உப்பா என்பதை நீங்களே பிரித்தறியலாம். கரியில் ஒரு பிடியை மூன்று நான்கு முறை நீர் மாற்றிக் கழுவுங்கள். கழுவியதிலும் கழுவாததிலும் பச்சைப்பயறு ஊன்றிப் பாருங்கள். கழுவியது முளைத்தால் குற்றம் உப்பினுடையது. இரண்டும் முளைக்காவிட்டால் பெரும்பாலும் தார்தான். கழுவிய நீரை வீணாக்க வேண்டாம். சாம்பல்சத்து அதில்தான் இருக்கிறது, நன்றாக நீர்த்துத் தென்னைக்கு ஊற்றலாம். எரிப்பதற்கு முன்பே எருவைக் கழுவினால் குளோரின் பகுதி குறைந்து பீப்பாயும் அரிக்காமல் நீடிக்கும். ஆனால் மறுபடி உலர்த்தும் வேலை சேர்கிறது.

மூன்றாவது, தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும். இவை தீயில் போவதில்லை. எடை பாதியானால் செறிவு இரட்டிக்கிறது. ஐரோப்பிய உயிர்க்கரிச் சான்றிதழ் வேளாண் பயன்பாட்டுக்கு ஒரு கிலோவில் செம்பு 100 மில்லிகிராம், துத்தநாகம் 400 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. முட்டைக்கோழி எருவின் கரி துத்தநாகத்தில் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். எருவோடு மரம் கலப்பதற்கு மூட்டக்காரத் தம்பி சொன்னவற்றோடு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோழி எருவின் பங்கை நான்கில் ஒன்றுக்கு மேல் விடமாட்டேன்.

---

பள்ளத்தூர் தோட்டக்காரர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. புழுக்கையை ஆச்சி சொன்னபடி வயலுக்கே விட்டுவிடுகிறேன். தொழுவத்துக்குத் தளம் போடும்வரை, வழிக்கும் சாணத்தில் மேற்பகுதியை மட்டும் கரிக்கு ஒதுக்கி, தரையை ஒட்டியதைக் குப்பைக்குழிக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு ஐயம் எஞ்சியுள்ளது. கரியை அப்படியே இடக்கூடாது, மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்துத்தான் இட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். எருக்கரிக்கும் அது பொருந்துமா?

---

காரைக்குடி வேதியியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

மரக்கரிக்கு அது நல்ல முறை. நேபாளத்தில் புதர்ச்செடிகளின் கரியை மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்துப் பூசணியின் வேரடியில் இட்டு மிக நல்ல விளைச்சல் கண்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆனால் எருக்கரியின் கார அமில நிலை (pH) 9 அல்லது 10 வரை இருக்கும். நாள்பட்ட மூத்திரமும் காரத்தன்மை உடையதே. இரண்டையும் திறந்த தொட்டியில் கலந்தால் தழைச்சத்து அமோனியாவாகக் கிளம்பிவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி உங்கள் தழைச்சத்து வெளியேறும் நெடிதான். ஆகவே எருக்கரியை முதலில் நீரில் கழுவி, ஈரத்தோடு குப்பைக்குழியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அடுக்கடுக்காகக் கலந்து மூடிவிடுங்கள். குழியில் உருவாகும் கரிம அமிலங்கள் அதன் காரத்தைத் தணிக்கும். உரம் பதமாகும் நாள்களில் கரியின் துளைகளும் சத்தால் நிறையும். மூத்திரம்தான் வேண்டுமென்றால், அதைக் கருவைக் கரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடும் இடத்தையும் பாருங்கள். அமிலப் பக்கமுள்ள செம்பொறைச் சரளைக்கு இந்தக் கரி சுண்ணாம்பு இட்டது போன்ற பயனையும் தரும். கண்மாய் ஆயக்கட்டில் உவர் ஏறிய வயல் ஏதும் உங்களுக்கு இருந்தால் அங்கே ஒரு கூடைகூட வேண்டாம். உப்பும் காரமும் கூடிக் கெடுத்துவிடும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனைக்கு வழி கேட்டு, கார அமில நிலையையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனையும் அறிந்த பின் தொடங்குங்கள். பரவலாகத் தூவாதீர்கள், ஏக்கர் முழுவதற்கும் போதுமான கரியை இரண்டு பீப்பாய்களை வைத்துக்கொண்டு எடுக்க இயலாது. கத்தரி, மிளகாய் நாற்று நடும் குழியில், கரி கலந்த தொழு உரமாகக் குழிக்கு இரண்டு கையளவு போதும். சில வரிசைகளுக்கு அதே அளவு தொழு உரத்தைக் கரியில்லாமல் இட்டு, தை மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து இங்கே எழுதுங்கள்.